இரண்டு நிமிடக் கையெழுத்து

பம்ப் கம்பெனியின் வரைபட அறையில் புது மென்பொருள் ஏற்றிய திங்கட்கிழமை காலை, சென்னியப்பன் பத்து மணிக்கு இழுத்த கோடு பத்தேகாலுக்குத்தான் திரையில் வந்து சேர்ந்தது. மதியம் போட்ட வட்டம் மாலை மணி அடித்த பிறகு வந்தது. புதன்கிழமை மேசையில் வைத்த டீ வெள்ளிக்கிழமை வரை ஆவி பறந்துகொண்டிருந்தது. அதற்கடுத்த வாரம் அவன் ஒன்பது மணிக்கு உள்ளே போய் ஐந்து மணிக்கு வெளியே வந்தபோது, நாலு நாளாக வீட்டிலிருந்து போன் மேல் போன் வருகிறது என்று வாட்ச்மேன் சொன்னான். முதலில் கம்ப்யூட்டர் மெதுவானது, பிறகு கம்ப்யூட்டர் இருந்த மேசை மெதுவானது, பிறகு அறை. அதற்கு மேல் அது பரவவில்லை. கதவுக்கு வெளியே பட்டறை பட்டறையின் வேகத்தில் ஓடியது, பஸ் பஸ்ஸின் நேரத்துக்கு வந்தது.

கம்பெனி சரவணம்பட்டிக்கு வடக்கே இருந்தது. வரைபட அறையை மட்டும் முதலாளி தெய்வசிகாமணி பிற்பாடு கட்டினார். ஏசி வைத்து, கேட்டைப் பார்த்த சுவர் முழுக்கக் கண்ணாடி போட்டு, வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் காட்டுவதற்கென்றே கட்டியது. அதற்குள் இரண்டே பேர், படம் வரைகிற சென்னியப்பனும் வரைந்ததைச் சரிபார்க்கிற மரியதாஸும். ஒவ்வொரு படத்தின் வலது கீழ் மூலையிலும் மூன்று சிறு கட்டங்கள் இருக்கும்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல். முதல் இரண்டில் இவர்கள் தங்கள் பெயரின் முதலெழுத்தைப் போடுவார்கள். மூன்றாவதில் முதலாளி கையெழுத்துப் போட்டால்தான் படம் பட்டறைக்குப் போகும். படம் போனால்தான் இரும்பு உருகும்.

மென்பொருள் விற்றவர்களுக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். அறைக்குள்ளிருந்து சென்னியப்பன் ஹலோ என்று சொல்லி முடிப்பதற்குள், மறுமுனையில் எடுத்த பெண் ஷிப்டு முடித்து வீட்டுக்குப் போய், அடுத்த பெண் வந்து, ஒரே இரைச்சலாக இருக்கிறது என்று வைத்துவிட்டாள். வெளியிலிருந்து போட்டபோது, "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?" என்றாள். முதலாளி மெயினை இறக்கச் சொன்னார். ஆடியில் இறக்கிய மெயினுக்கு அறைக்குள் விளக்கு அணைந்தது ஐப்பசியில்; அதுவரை வரைந்த அத்தனையும் போனது. மெயினைத் தொடக்கூடாது என்று சிவப்பு எழுத்தில் போர்டு மாட்டினார்கள்.

"பழையதையே போட்டுருங்க முதலாளி, அதுல நான் ஒரு பொழுதுக்கு ரெண்டு படம் முடிப்பேன்," என்று சென்னியப்பன் கேட்டான்.

"பழசுல வரைஞ்சா பம்ப் கேக்கற வெளிநாட்டுக்காரன் தெறக்கவே மாட்டேங்கறான்ப்பா. ஒரு கோட்டுக்கு ரெண்டு நிமிஷம் பொறுத்தா என்ன, உசுரா போயிரும்?" என்றார் முதலாளி.

சென்னியப்பன் திரும்பிப் போய் உட்கார்ந்தான். உள்ளே உட்கார்ந்தவனுக்கு அது உண்மையிலேயே இரண்டு நிமிடம்தான். அந்த அறையின் வஞ்சகம் அதில்தான் இருந்தது. இந்தக் கோடு மட்டும் வந்துவிடட்டும் என்று தோன்றும், வந்துவிடும், அடுத்த கோடு போடத் தோன்றும். கை மவுஸில் இருக்க, வெளியே ஒரு வாரம் கழிந்திருக்கும்.

அவன் மனைவி பூங்கொடிக்கு அப்போது முப்பத்தாறு வயது. அவனுக்கு நாற்பத்தொன்று. மகள் நிவேதா ஆறாம் வகுப்பு. பதினாறு நாள் வீடு திரும்பாத புருஷனைத் தேடி பூங்கொடி டிபன் கேரியரோடு கேட்டுக்கு வந்து, மேனேஜர் பத்மநாபனை வெளியே கூப்பிட்டாள்.

"ஏனுங் மேனேஜரு, எங்க வீட்டுக்காரர உள்ள வெச்சு ஊறுகா போடறீங்களா?"

"அம்மிணி, அவரு காலைலதான் உள்ள போனாரு. அறைக் கடிகாரத்தப் பாரு, மணி பதினொன்னேகால். இன்னும் சாப்பாட்டு மணியே அடிக்கல."

"என்ர வீட்டுக் காலண்டர்ல பொரட்டாசி முடிஞ்சு போச்சுங்."

"உன்ர வீட்டுக் காலண்டருக்கெல்லாம் கம்பெனி பொறுப்பாக முடியுமா?"

பூங்கொடி கேரியரைக் கேட்டின் குறுக்கே வைத்துவிட்டு அதன் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். பம்ப் ஏற்றிய லாரி ஒன்று உள்ளேயும், இரும்பு ஏற்றிய லாரி ஒன்று வெளியேயும் நின்றன. சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்து ஒரே ஒரு விஷயத்தை வாங்கிக்கொண்டு எழுந்தாள்: சம்பளம் வெளி மாதப்படி வீட்டுக்கு வரும். மற்றதெல்லாம், லீவு, வருகைப் பதிவு, சர்வீஸ், எல்லாமே அறைக் கடிகாரப்படிதான் என்று பத்மநாபன் எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டினார். அந்தக் காகிதம் வெயிலில் மஞ்சளாகி, நொறுங்கி, மறுபடி டைப் அடித்து ஒட்டப்பட்டு, மறுபடி மஞ்சளாயிற்று.

ஊருக்கு எதுவும் பழகிவிடும். முதல் வருஷம் கண்ணாடிக்கு வெளியே கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. இரண்டாம் வருஷம் கேன்டீன்காரர் மிச்சமான தயிரைப் புளிக்காமலிருக்க அறைக்குள் வைத்தார். அதைப் பார்த்து லைன் வீட்டுப் பெண்கள் இட்லி மாவைக் கொண்டுவந்தார்கள். பூக்காரி சாக்குப் பை நிறைய மல்லிகை மொட்டைக் கொண்டுவந்தாள், முகூர்த்தம் இல்லாத ஆடியில் உள்ளே தள்ளி, விலை ஏறுகிற ஆவணியில் மலராத மொட்டாகவே எடுத்துக்கொண்டாள். பத்மநாபனின் தகப்பனாருக்கு டாக்டர்கள் மூன்று மாதம்தான் என்று கெடு சொன்னபோது, கனடாவிலிருந்து பேரன் வருகிற வரைக்கும் என்று அவரை நாற்காலியோடு தூக்கி மூலையில் வைத்தார்கள். பேரனுக்கு விசா கிடைக்க நாலு வருஷம் ஆனது. கிழவர் நாலு வருஷமும் ஒரே கொட்டாவியில் இருந்தார். சுற்றுப் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்து காட்டின. அந்த அறையால் எல்லாருக்கும் ஏதோ ஒரு லாபம் இருந்தது. அதனால்தான் அதைச் சரிபண்ணச் சொல்லி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. தயிரையும் பூவையும் எடுக்க ஓடி உள்ளே போய் ஓடி வெளியே வருகிறவர்கள், நடுவில் உட்கார்ந்திருந்த இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள், மேசை நாற்காலியைச் சுற்றிப் போவதைப் போல.

மரியதாஸ் மூன்றாம் வருஷம் எழுந்துகொண்டார். ஒரு நாள் வெளியே வந்தபோது அவர் அம்மாவுக்கு முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்திருந்தது. மறுநாள் அவர் உள்ளே போகவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை போட்டு, பழைய மென்பொருள் இருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்து, வீட்டு பிளான் வரைந்து கொடுத்தார். "நீயும் வந்துரு சென்னியப்பா," என்று கூப்பிட்டார். "இந்த ஒரு படம் முடிச்சுட்டு வந்தர்றேன் அண்ணா," என்றான் சென்னியப்பன்.

அந்த ஒரு படம்தான். ஆழ்கிணற்றுக்குள் இறக்குகிற புது பம்ப். முதலாளி அந்த வெளிநாட்டுக்காரனுக்கு வாக்குக் கொடுத்த பம்ப்.

அறைக்குள்ளிருந்து பார்த்தால் வெளியே நடமாடுகிறவர்கள் தெரியமாட்டார்கள். கண்ணாடிக்கு அப்பால் ஒரு சாம்பல் கலங்கல். அதில் இரவும் பகலும் இமைத்து இமைத்துப் போகும். அசையாமல் இருப்பதுதான் தெரியும்: கேட்டுத் தூண், வேப்பமரத்தின் அடி, நிறுத்திவைத்த லாரி. பூங்கொடி இதை எப்படியோ கண்டுபிடித்தாள். வேப்பமரத்தடியில் அசையாமல் படுத்துக் கிடந்த நாயைப் பார்த்ததாகச் சொல்கிறீர்களே, என்னை ஏன் பார்க்கவில்லை என்று அவன் வந்த ஒரு மாலையில் சண்டை போட்டாள். சண்டையின் நடுவிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வந்து, கண்ணாடிக்கு வெளியே, மூக்கு கண்ணாடியில் படுகிற தூரத்தில், காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை அசையாமல் நின்றாள். ஈ உட்கார்ந்தாலும் ஓட்டவில்லை. மழை வந்தாலும் நகரவில்லை. கேட்டில் இருந்தவர்கள், "பூங்கொடி, உனக்குச் சூடம் காட்டீரலாமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நாள் முழுக்க நின்றால் உள்ளே அவனுக்கு அவள் ஒரு கணம் தெரிவாள். கலங்கலுக்குள்ளிருந்து ஒரு முகம் எழுந்து, அவனைப் பார்த்து, அழிந்துபோகும். அவன் தலையைத் தூக்கினானா, பார்த்தானா என்று அவளுக்குத் தெரிய அடுத்த ஞாயிறு ஆகும். ஒவ்வொரு முறையும் அந்த முகம் கொஞ்சம் மாறியிருந்தது. கன்னம் ஒட்டியது. காதோரம் வெளுத்தது. அவன் அந்த வெளுப்பைப் பார்த்த நிமிஷமே எழுந்து வெளியே வந்திருக்கலாம். திரையில் ஒரு வளைவு பாதி வந்து நின்றிருந்தது. அது முழுசாக வரட்டும் என்று உட்கார்ந்திருந்தான். இதை அவன் பிறகு தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டான், யாரோ இன்னொருவன் செய்த குற்றத்தைச் சொல்வதுபோல.

பதினோராம் வருஷம் நிவேதாவுக்குக் கல்யாணம் முடிவானது. சென்னியப்பன் பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்தான். பத்மநாபன் பேரேட்டைப் புரட்டிவிட்டு, "அறைக் கடிகாரப்படி உனக்கு ஆறு மாசந்தாம்ப்பா சர்வீஸ் ஆயிருக்கு. புது முறைல ஒரு வருஷம் முடிஞ்சாத்தான் லீவு சேரும்," என்றார்.

"எம் புள்ள கல்யாணமுங்க."

"உன்ர புள்ள ஆறாவது படிக்குதுன்னுதானே பாரத்துல இருக்குது?" என்றார் பத்மநாபன். கேலிக்கல்ல, அவர் முன் இருந்த பாரத்தில் அப்படித்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு இன்னும் பதிமூன்று நாள் இருந்தது; அறையில் ஒரு மணி நேரம் வெளியே பத்து நாள்தான் என்று கணக்குப் போட்டான். ஒரு மணி நேரம் மட்டும் உட்கார்ந்து, வருகையைப் பதிந்துவிட்டுப் போய்விடுவது என்று சென்னியப்பன் உள்ளே போனான். பம்பைக் குறுக்கே அறுத்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டுகிற தோற்றத்துக்கு, இரும்பு இருக்கிற இடமெல்லாம் சாய்வாய் நெருக்கக் கோடு போட வேண்டும். ஒரு தட்டுத் தட்டினால் கம்ப்யூட்டரே நிரப்பிக்கொள்ளும். அவன் தட்டினான். கோடுகள் ஒவ்வொன்றாக, விதைப்பு வயலில் ஆள் இறங்குவதுபோல, மேலிருந்து கீழே இறங்கின. அவன் கடிகாரத்தைப் பார்த்தபடியேதான் இருந்தான். ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் ஆனதும் எழுந்து ஓடினான். வீட்டு வாசலில் கட்டிய வாழைமரம் வாடித் தொங்கியது. பந்தல்காரன் கடைசிக் கம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். பூங்கொடியின் அண்ணன் தகப்பன் ஸ்தானத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுத்துவிட்டார். பொண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு போய்த் திரும்பியும் ஆயிற்று.

பூங்கொடி அழவில்லை. பந்திக்கு வாங்கிய எவர்சில்வர் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். "உக்காரு கண்ணு, சோறு போடறேன்," என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. இருபத்துமூன்று வருஷம் "ஏனுங்க" என்று மட்டும் கூப்பிட்டவள். அவளுக்கு நாற்பத்தேழு, அவனுக்கு இன்னும் நாற்பத்திரண்டு நடக்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் அவனிடம், அம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட்டா என்று கேட்டது போன மாதம்தான். வாளி ஒன்றை எடுத்துச் சுவரில் அடித்தாள். அது நசுங்கி உருண்டு அவன் காலடியில் வந்து நின்றது.

"நாளைக்குப் போகல," என்றான்.

"போங்க. போயி முடிச்சுத் தொலைங்க. என்ர பதினோரு வருசத்த அந்தப் படத்துக்குள்ள போட்டிருக்கறீங்க. அது பாதில நின்னா அந்த வருசம் எங்க போச்சுன்னு நான் யார்கிட்டப் போயிக் கேக்கறது?"

அறை மெதுவானதற்குக் காரணம் அதற்கடுத்த வருஷம் அகப்பட்டது. மறைந்திருப்பதையெல்லாம் காட்டு என்று ஒரு கட்டளை புது மென்பொருளில் இருந்தது. சென்னியப்பன் ஆத்திரத்தில் ஏதேதோ தட்டும்போது அதைத் தட்டிவிட்டான். அவன் வரைந்த பம்புக்கு அடியிலிருந்து வேறொரு பம்ப் எழுந்து வந்தது. அதற்கடியில் இன்னொன்று. அதற்கடியில் ஒரு மாவரைக்கும் மோட்டார். கம்பெனியில் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து வரைந்த ஒவ்வொரு படமும், ஒன்றின் மேல் ஒன்றாக, திரை கறுத்துப்போகிற அளவுக்கு எழுந்து நின்றன. அந்தக் கம்பெனியில் யாரும் ஒருபோதும் வெற்றுத் தாளில் படம் தொடங்கியதில்லை. முதல் கம்ப்யூட்டர் வந்த அன்று, பெரிய முதலாளி, அதாவது தெய்வசிகாமணியின் தகப்பனார், பூசை போட்டு, வரைபடக்காரரின் கையைப் பிடித்து மவுஸில் வைத்து, முதல் தாளின் மூலையில் ஒரு பிள்ளையார் சுழி போட்டார். அந்தச் சுழி இல்லாமல் படம் தொடங்குவது ஆகாது என்று, முந்தைய படத்தைத் திறந்து, அதை மறைத்துவிட்டு, அதன் மேலேயே புதுசை வரைந்து, வேறு பெயர் வைத்துச் சேமிப்பார்கள். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். சென்னியப்பனும் இருபது வருஷம் அப்படித்தான் செய்திருந்தான். பழைய மென்பொருள் மறைத்ததைக் கண்டுகொள்ளாமல் விட்டது. புதுசு ஒன்றையும் விடவில்லை. அவன் ஒரு கோடு இழுத்தால், அடியிலுள்ள அத்தனை பம்புகளையும் முதலிலிருந்து ஒருமுறை வரைந்து பார்த்துவிட்டுத்தான் அந்தக் கோட்டைக் கொண்டுவந்தது. சுழி அத்தனைக்கும் அடியில் இருந்தது. அதைப் பிடித்து அழித்தால் அதைத் தொற்றிக்கொண்டிருந்த எல்லாம் போகும். அவன் பம்ப் மட்டும் நிற்கும். மூன்று தட்டு.

அவன் வெளியே வந்து முதலாளியிடம் சொன்னான். தெய்வசிகாமணிக்கு அப்போது அறுபத்துமூன்று வயது.

"எங்கப்பா கை பட்ட சுழிய அழிக்கச் சொல்றியா?"

"புதுசா ஒன்னு போட்டுக்கலாமுங்க. நீங்களே போடுங்க."

"அது எங்கப்பா போட்டதாகுமா? அந்தச் சுழி இல்லாம இந்தக் கம்பெனிலிருந்து ஒரு தாள் வெளிய போகாது."

"இந்தச் சுழியால ஒரு தாளும் வெளிய போகலைங்களே முதலாளி. பன்னெண்டு வருசமா."

"பொறுப்பா. அவசரப்படற எடத்துல ஒன்னும் நெலைக்காது. ரெண்டு நிமிஷம் பொறுத்தா..."

சென்னியப்பன் மீதியைக் கேட்கவில்லை. உள்ளே போனான். அளவுகள் மட்டும்தான் பாக்கி, ஏழு எண்கள். படம் கனக்கக் கனக்க அறையும் கனத்தது. ஐந்து எண்கள் எழுதுவதற்குள் ஒரு கார்த்திகை போய் அடுத்த கார்த்திகை வந்தது. ஆறாவது எண்ணில் நிவேதாவுக்குக் குழந்தை பிறந்தது. ஏழாவதில் அது எழுந்து நடந்தது. வரைந்தவர் என்ற கட்டத்தில் தன் எழுத்தைப் போட்டான். மரியதாஸ் இல்லாததால் சரிபார்த்தவர் என்ற கட்டத்திலும் அவனே போட்டான். எழுந்து, கதவைத் திறந்து, வெயிலில் வந்து நின்றபோது அறைக்குள் போய்ப் பதினாலு வருஷம் முடிந்திருந்தது. பூங்கொடிக்கு ஐம்பது. அவனுக்கு நாற்பத்திரண்டு. கேட்டில் அவள் மட்டும்தான் நின்றிருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"எம்பட வேலை முடிஞ்சுது. அவரு கையெழுத்துப் போடணும்."

பழைய காலத்தில் படத்தை அச்சடித்து முதலாளியின் மேசைக்குக் கொண்டுபோவார்கள். புது மென்பொருளில் அது நடக்காது. ஒப்புதல் தருகிறவர் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னாலேயே உட்கார்ந்து, தன் விரலை வைத்து, திரையிலேயே கையெழுத்துப் போட வேண்டும். தெய்வசிகாமணி மூன்று மாதம் அந்தப் பக்கம் வரவில்லை. பதினாலு வருஷத்தில் அவர் அந்தக் கதவைத் தாண்டி ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை என்பதை ஊர் அப்போதுதான் கவனித்தது. பத்மநாபனை அனுப்பினார்; கம்ப்யூட்டர் அவர் விரலை ஏற்கவில்லை. மகனை அனுப்பப் பார்த்தார். மகன் வாசலோடு திரும்பிவிட்டான். கடைசியில் வெளிநாட்டுக்காரன் கெடு வைத்தான். ஒரு நல்ல நாள் பார்த்து, நல்ல நேரம் பார்த்து, பட்டுக்கரை வேட்டி கட்டி, முதலாளி வந்தார். சென்னியப்பன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீங்க ஒக்கார்றதுக்கு முன்னால அந்தச் சுழிய அழிச்சர்றனுங்களா? மூனு தட்டுதானுங்க. அப்பறம் இந்த ரூமு மத்த ரூமாட்ட ஆயிரும்."

அவனுக்குக் கேட்க விருப்பமில்லை. ஆனாலும் கேட்டான். அவன் கேட்டது வாட்ச்மேன் காதிலும் பத்மநாபன் காதிலும் விழுந்தது.

"அதைத் தொடாதேன்னு சொல்லீருக்கறேன். ஒரு கையெழுத்துதானே. ரெண்டு நிமிஷம்."

"சரிங்க முதலாளி," என்று சென்னியப்பன் அவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினான். பிறகு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துபோய், ஜெராக்ஸ் கடையில் மரியதாஸுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பழைய கம்ப்யூட்டரில் ஒரு கோடு இழுத்தான். இழுத்த கையோடு கோடு வந்தது. யாரை என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்து அரை மணி நேரம் வைதான். மரியதாஸ் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார்.

முதல் மாதம் தெய்வசிகாமணியின் கை மேசையிலிருந்து உயர்ந்தது. தை மாதம் விரல் திரையைத் தொட்டது. கையெழுத்தின் முதல் எழுத்தின் மேல்வளைவு சித்திரையில் வந்தது. வெளிநாட்டுக்காரன் வேறெங்கோ போய்விட்டான். மகன் முதலாளி ஆனான், பழைய பம்பையே புதுப் பெயின்ட் அடித்து விற்றான், கம்பெனி எப்போதும்போல ஓடியது. பூக்காரி மொட்டுப் பையை இப்போது முதலாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஊர் அதற்கும் பழகிவிட்டது.

பழகாதவர் ஒருவர்தான்: முதலாளியின் மனைவி சுலோச்சனா அம்மாள். காரில் வந்து இறங்கி, வெள்ளிக் கேரியரை வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடுவாள். இங்கும் அங்கும் நடப்பாள். முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்கொடி அங்கே போனாள். எதற்குப் போனாள் என்று அவளே பிறகு சொல்லத் தெரியாமல் விழித்தாள். பார்த்து மனம் குளிரத்தான் போயிருப்பாள். வேப்பமரத்தடியில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கிட்டே போய், "தட்டாதீங்க. நடக்காதீங்க. அசையாம நில்லுங்க, பொழுதுக்கும் நில்லுங்க. அப்பத்தான் அவருக்குத் தெரிவீங்க," என்றாள்.

"எத்தன நேரம் நிக்கறது?"

"நான் பதினாலு வருசம் நின்னனுங்க."

சுலோச்சனா அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரருக்குச் சரிபண்ணத் தெரியுமாமே. மூனு தட்டுன்னு சொல்றாங்க. ஒரு தடவ உள்ள போயிட்டு வரச் சொல்லம்மா."

"அந்த மூனு தட்டுக்கு இப்ப ரெண்டு வருசம் ஆகும்ங்க," என்று கையை உருவிக்கொண்டாள் பூங்கொடி. "எனக்கு மிச்சம் இருக்கறதுல ரெண்டு வருசம்."

வீட்டுக்கு வந்து சொன்னாள். சென்னியப்பன் எழுந்து போய் ஒரு காகிதம் எடுத்து, எதைத் தட்ட வேண்டும், பிறகு எதை, பிறகு எதை என்று மூன்று வரி எழுதினான். யார் வேண்டுமானாலும் செய்யலாம், எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று நாலாவது வரி எழுதினான். பூங்கொடி அதைக் கொண்டுபோய்ச் சுலோச்சனா அம்மாளிடம் கொடுத்தாள்.

சுலோச்சனா அம்மாள் மூன்று நாள் அதை வைத்திருந்தாள். கதவுவரை போனாள். பிறகு மகனிடம் கொடுத்தாள். மகன் பத்மநாபனிடம் கொடுத்தான். பத்மநாபன் பட்டறை சூப்பர்வைசரிடம் கொடுத்தார். சூப்பர்வைசர், இது படம் சம்பந்தப்பட்ட வேலை, படத்துறைக்குப் போகவேண்டும் என்று எழுதித் திருப்பினார். படத்துறையில் ஆள் யாரும் இல்லாததால், பழைய பேரேட்டைப் பார்த்து, அறைக் கடிகாரப்படி இன்னும் பணியில் இருப்பவர் என்று சென்னியப்பனின் பெயருக்கு, ரிஜிஸ்டர் தபாலில், புது முதலாளி கையெழுத்தோடு அது உத்தரவாக வந்து சேர்ந்தது. இணைத்துள்ள வழிமுறையின்படி உடனடியாகச் செய்து முடித்துத் தெரிவிக்கவும். அவன் எழுதிய காகிதமே பின்னால் குத்தப்பட்டிருந்தது.

பூங்கொடி அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். இரண்டாம் முறை சிரித்தாள். அவள் சிரித்து அவன் வெகுகாலம் கேட்டதில்லை. வெகுகாலம் என்பது அவனுக்கு ஒன்றரை வருஷம், அவளுக்குப் பதினைந்து வருஷம்.

"ஸ்கேல் எடுத்துட்டு வா," என்றான்.

உத்தரவுக் காகிதத்தைத் திருப்பிப் போட்டு, தன் மூன்று வரியைத் தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி தடித்த பேனாவில் பெரிதாக எழுதினான். வலது கீழ் மூலையில் ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டான். வரைந்தவர் என்று எழுதித் தன் எழுத்தைப் போட்டான். சரிபார்த்தவர் என்று எழுதி அவளிடம் நீட்டினான். அவள் மேலிருந்து கீழாக ஒருமுறை விரல் வைத்துப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் எழுதியதுபோல முழுப் பெயரையும் எழுதினாள். மூன்றாவது கட்டத்தில் ஒப்புதல் என்று எழுதி, காலியாக விட்டான்.

மறுநாள் காலை இருவரும் கேட்டுக்குப் போனார்கள். வாட்ச்மேன் தடுக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே, பூங்கொடி நின்று நின்று தரை வழுவழுப்பான இடத்தில், நாற்காலியில் இருப்பவர் தலையைத் தூக்கினால் தெரிகிற உயரத்தில், எழுத்து உள்பக்கம் பார்க்க, அந்தக் காகிதத்தை நாலு மூலையும் அழுத்தி ஒட்டினான். காகிதம் நடக்காது. கண்ணைத் துடைக்காது. மழைக்கு ஒதுங்காது. அந்த அறைக்குள்ளிருந்து பார்த்தால் உலகத்தில் வேறெதைக் காட்டிலும் தெளிவாகத் தெரியும். தகப்பனின் சுழியைத் தன் விரலாலேயே அழிக்கலாம். வேண்டாமென்றால் கையெழுத்தை முடித்துவிட்டு வரலாம், அது முடிகிறபோது.

"தலையத் தூக்கறாரா?" என்று பூங்கொடி கேட்டாள்.

சென்னியப்பன் உற்றுப் பார்த்தான். முதலாளியின் கழுத்தில் ஒரு நரம்பு லேசாக விறைத்திருந்தது. "ஆரம்பிச்சுட்டாருன்னு நெனைக்கறேன். முழுசாத் தூக்கறதுக்குத் தை மாசம் ஆயிரும்."

"நின்னு பாக்கறீங்களா?"

"இல்ல," என்றான். எட்டேகால் பஸ் திருப்பத்தில் திரும்புவது தெரிந்தது. அவளால் இப்போது வேகமாக நடக்க முடியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் நடக்கிற வேகத்தில் நடந்தான்.